இளம் பூனைக்கு ஓயாத வயிற்றோட்டம்: எந்த வழியை முதலில் எடுப்பது?

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் பூனை வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. குட்டிக்கு ஏழெட்டு மாதம் இருக்கும். ஓடுகிறது, விளையாடுகிறது, சாப்பாட்டு நேரத்தில் காலைச் சுற்றுகிறது. ஆனால் மலம் மட்டும் ஒழுங்காகப் போவதில்லை. சில நாள் நன்றாக இருக்கும், பிறகு சேறாகப் போகும். இடையிடையே சத்தியும் எடுக்கும். பக்கத்து வீட்டு அக்கா கோழி அவித்துக் கொடுக்கச் சொல்கிறார். கடைக்காரர் விலை கூடிய உணவுப் பையைக் காட்டுகிறார். பாமசியில் ஏதோ ஒரு மருந்து கிடைக்கிறது. இன்னொருவர் பேராதனை மிருக வைத்தியசாலைக்கே கொண்டுபோகச் சொல்கிறார்.

பதற்றத்தில் பலர் இவை எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்துவிடுகிறார்கள். பூனை சுகப்பட்டால் எதனால் சுகப்பட்டது என்று தெரியாது. சுகப்படாவிட்டால் எது பலிக்கவில்லை என்றும் தெரியாது. அடுத்த மாதம் வயிற்றோட்டம் திரும்பி வரும்போது தொடங்கிய இடத்திலேயே நிற்கிறார்கள். அதனால் இங்கே வழிகளை மட்டுமல்ல, அவற்றை எடுக்க வேண்டிய ஒழுங்கையும் சேர்த்தே எடைபோடுகிறேன்.

## இந்த ஒப்பீடு யாருக்குப் பொருந்தாது

மூன்று வாரத்துக்கு மேல் வந்து வந்து போகும் வயிற்றோட்டம், ஆனால் பூனை தின்கிறது, திரிகிறது என்றால் மேலே படியுங்கள். பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் எதையும் ஒப்பிட்டுக்கொண்டிராமல் இன்றைக்கே மிருக வைத்தியரிடம் போங்கள்: ஒரு நாள் முழுக்க ஒன்றும் தின்னாமை, ஒரே நாளில் பல தடவை சத்தி, கறுத்துப் பிசுபிசுத்த மலம், வெளிறிய ஈறு, உள்வாங்கிய கண், பிடரித் தோலைத் தூக்கி விட்டால் உடனே படியாமல் நிற்பது, உப்பி நோகும் வயிறு. தடுப்பூசி போடாத குட்டிக்குத் திடீரென்று காய்ச்சலும் சத்தியும் சோர்வும் வந்தால் அது பன்லூகோபீனியா என்ற வைரசு நோயாக இருக்கலாம். அந்த நோயில் மணித்தியாலங்கள்கூடப் பெறுமதியானவை.

வாவிக் கரையில் வளரும் பூனைகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மீன் மணக்கும் தங்கூசி நூலையும் தூண்டில் முள்ளையும் அவை விழுங்கிவிடும். நாக்கின் அடியில் நூல் சிக்கியிருந்தாலோ பின்பக்கம் தொங்கினாலோ ஒருபோதும் இழுக்க வேண்டாம். இழுத்தால் குடல் அறுபடும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் பாதுகாப்பு. பூனையின் ஈரல் மனிதருடையதைப் போலவோ நாயினுடையதைப் போலவோ மருந்துகளைக் கையாளாது. இரண்டாவது, அந்த வழி உண்மையான காரணத்தைத் தொடுகிறதா என்பது. ஒரு வயதைச் சுற்றியுள்ள பூனையில் முதலில் சந்தேகிக்க வேண்டியவை குடற்புழு, ஜியார்டியா, கொக்சிடியா போன்ற ஒட்டுண்ணிகள், அடுத்தது உணவு. குடலின் நாட்பட்ட அழற்சி அதற்குப் பிறகுதான். புற்றுநோய் இந்த வயதில் அரிது.

மூன்றாவது அளவுகோலையே நான் எல்லாவற்றிலும் பெரிதாக மதிக்கிறேன்: அந்த வழி தோற்றால் நமக்கு என்ன தெரியவரும்? ஒழுங்காகச் செய்த உணவுச் சோதனை பலிக்காவிட்டால், "அந்த உணவு காரணமில்லை" என்ற ஒரு விடயமாவது கையில் மிஞ்சும். பாமசியில் வாங்கிக் கொடுத்த மருந்து பலிக்காவிட்டால் ஒன்றும் மிஞ்சாது, காசும் நாளும் போனதுதான்.

நான்காவது மறைந்த செலவு: லீவு, வாகனம், பூனை தின்னாமல் வீசிய உணவு, வீட்டில் மற்றப் பூனைகளுக்கும் சேர்த்து வாங்கும் மருந்து. ஐந்தாவது, நம் வீட்டில் அது உண்மையிலேயே நடக்குமா என்பது. அம்மம்மா ஒரு பிடி, தம்பி ஒரு பிடி, மதிற்சுவருக்கு அப்பால் மாமி ஒரு மீன்தலை என்று ஊட்டும் வீட்டில், கண்டிப்பான உணவுத் திட்டம் இரண்டாம் நாளே உடைந்துவிடும்.

## எந்த வழிக்கும் முன்னால்

பாலை நிறுத்துங்கள். பால்மா கரைத்து வைப்பது நம் வீடுகளில் அன்பின் அடையாளம், எனக்கும் தெரியும். ஆனால் தாய்ப்பால் மறந்த குட்டியின் குடலில் லக்டோஸ் என்ற பாற்சீனியைச் செரிக்கும் நொதி குறைந்துகொண்டே போகும். செரிக்காத சீனி பெருங்குடலில் நீரை இழுத்து மலத்தை இளக்கும். எருமைத் தயிரில் லக்டோஸ் சற்றுக் குறைவுதான், என்றாலும் வயிறு கெட்டிருக்கும்போது அதுவும் வேண்டாம். அதோடு ஆணம் ஊற்றிய சோறு, கருவாடு, பொரித்த மீன் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். ஆணத்தில் கரைந்திருந்தாலும் அந்தக் கேடு போகாது.

ஒரு கொப்பி எடுத்து நாள்தோறும் எழுதுங்கள்: எத்தனை தடவை, எவ்வளவு, என்ன நிறம், சளி உண்டா, இரத்தம் உண்டா, சத்தி உண்டா, என்ன தின்றது. வாரம் ஒருமுறை நிறையைப் பாருங்கள். சமையல் தராசில் ஒரு கூடையை வைத்து நிறுக்கலாம். நாளுக்கு இரண்டு மூன்று தடவை நிறையப் போய், உடம்பும் மெலிந்தால் சிறுகுடல் பக்கம் பிழை. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக முக்கிப் போய், சளியும் சிவந்த இரத்தமும் தெரிந்தால் பெருங்குடல் பக்கம். வைத்தியருக்கு இந்த ஒரு வேறுபாடே பாதி வழியைக் காட்டிவிடும். மலத்தைப் படம் எடுத்து வைக்கவும் வெட்கப்பட வேண்டாம்.

பாலும் ஆணமும் நின்ற ஒரு வாரத்தில் சில பூனைகள் தேறிவிடும். தேறாதவற்றுக்குத்தான் கீழே உள்ளவை.

## வழி 1: பூச்சி மருந்தும் மலப் பரிசோதனையும்

என் பார்வையில் தொடங்க வேண்டிய இடம் இது. வீட்டை விட்டு வெளியேறாத குட்டிக்கும் வட்டப்புழு இருக்கலாம், ஏனென்றால் டொக்சோகாரா என்ற வட்டப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்குப் போகிறது. குட்டிக்கு 3 வார வயதிலிருந்து இரு வாரத்துக்கு ஒரு தடவையும், பால் மறந்து இரண்டு வாரம் ஆனபின் மாதம் ஒரு தடவையாக 6 மாதம் வரையும் பூச்சி மருந்து கொடுப்பது பரவலாகப் பின்பற்றப்படும் அட்டவணை. தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் குட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இது முழுமையாக நடந்திருக்காது.

"பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, பலன் இல்லை" என்று சொல்பவர்கள் எந்த மருந்து என்று பார்க்க வேண்டும். பைரன்டெல் வட்டப்புழுவையும் கொக்கிப்புழுவையும் கொல்லும், ஆனால் குடலில் இருப்பவற்றை மட்டும். உடம்புக்குள் அலையும் இளம்புழுக்கள் பிறகு குடலுக்கு வந்து சேருவதால் இரண்டு வாரத்தில் திரும்பக் கொடுக்க வேண்டும். தெள்ளு மூலம் தொற்றும் நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டெல் வேண்டும். அதன் துண்டுகள் குதத்தைச் சுற்றிக் காய்ந்த அரிசிமணி அளவில் ஒட்டியிருக்கும். தெள்ளை ஒழிக்காவிட்டால் நாடாப்புழு திரும்ப வரும். நாய்க்கு விற்கும் தெள்ளு மருந்துகள் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஜியார்டியாவையும் கொக்சிடியாவையும் மேற்சொன்ன மருந்துகள் தொடாது. இவற்றுக்காகத்தான் மலப் பரிசோதனை. ஜியார்டியா ஒவ்வொரு நாளும் வெளியேறுவதில்லை. அதனால் ஒரு மாதிரியில் காணவில்லை என்றால் இல்லை என்று முடிவெடுக்க முடியாது. சில நாள் இடைவெளியில் மூன்று மாதிரிகள் எடுத்தால் நம்பிக்கை கூடும். சில வைத்தியரிடம் சில நிமிடங்களிலேயே விடை தரும் ஜியார்டியா சோதனைப் பெட்டியும் இருக்கும்.

மாதிரி எடுப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் முற்றமெல்லாம் மணல், பூனை எங்கே போய்ப் புதைத்தது என்று தேடிப் பிடிப்பது கடினம். முதல் நாள் இரவு பூனையை ஓர் அறைக்குள் விட்டு, தட்டில் மணலுக்குப் பதிலாகக் கிழித்த பத்திரிகைத் தாளைப் போடுங்கள். காலையில் கிடைப்பதை மூடியுள்ள சுத்தமான டப்பாவில் எடுத்து, வெயில் படாமல் கொண்டுபோங்கள். சில மணித்தியாலம் தாமதமாகும் என்றால் பிரிட்ஜில் வைக்கலாம், உறைய விடக் கூடாது. ட்ரைட்ரைகோமோனஸ் என்ற கிருமியைத் தேடுவதென்றால் மட்டும் பிரிட்ஜில் வைக்காமல் சூட்டோடு கொடுக்க வேண்டும். பல பூனைகள் நெருக்கமாக வாழும் இடத்திலிருந்து வந்த இளம் பூனைக்கு நாற்றமான பெருங்குடல் வயிற்றோட்டம் இருந்தால் அதைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

அரச கால்நடை வைத்திய அலுவலகங்களின் வேலையில் பெரும்பகுதி மாடு, எருமை, ஆடு, கோழி சார்ந்தது. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் நீங்கள் போகும் நேரத்தில் வைத்தியர் ஏதாவது ஒரு பட்டியில் நிற்கக் கூடும். முதலே தொலைபேசியில் பேசி, மலத்தை நுணுக்குக்காட்டியில் பார்க்க முடியுமா, வெளியே அனுப்ப வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மறைந்த செலவு மருந்துக்குப் பிறகு வருகிறது. ஜியார்டியா மருந்து முடியும் நாளில் பூனையின் பின்பக்க உரோமத்தைக் கழுவி, மணல் முழுவதையும் மாற்றி, கோப்பைகளைக் கொதிநீரில் போடாவிட்டால் அது தன்னிடமிருந்தே திரும்பத் தொற்றிக்கொள்ளும். கொக்சிடியா வெளியே வந்த உடனே தொற்றாது. அந்த நிலைக்கு வரச் சில மணித்தியாலம் முதல் ஓரிரு நாள் வரை ஆகும். ஆகவே மலத்தை உடனுக்குடன் அள்ளுவதே பெரிய மருந்து. குளோரின் அதற்கு ஒன்றும் செய்யாது, கொதிநீர் கொல்லும். வட்டப்புழு முட்டைகள் மணலில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். முற்றத்தில் பிள்ளைகள் விளையாடும் வீட்டில் இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

இந்த வழி தோற்றாலும் பெறுமதியானது. மருந்து ஒழுங்காக முடிந்து, பரிசோதனையும் சுத்தம் என்றால் அடுத்த வழிக்கு மனந்தெளிந்து போகலாம்.

## வழி 2: வீட்டில் அவித்த ஒற்றை இறைச்சி

"கோழி அவித்துக் கொடு" என்ற அக்காவின் சொல் தவறில்லை. ஆனால் அவர் சொல்லாமல் விட்டவை நிறைய.

இந்தச் சோதனையின் உயிர், பூனை இதுவரை தின்னாத இறைச்சியைத் தெரிவதில் இருக்கிறது. பூனைகளில் ஒவ்வாமை தரும் உணவுகளில் மாட்டிறைச்சி, மீன், கோழி ஆகிய மூன்றும் முன்வரிசையில் நிற்கின்றன. சூடை, கீரி போன்ற சிறு மீன்களும் சோறும் தின்று வளர்ந்த பூனைக்குக் கோழி புதிது, அதற்குக் கோழிச் சோதனை பொருந்தும். கடையில் விற்கும் உலர் உணவு உருண்டை தின்று வளர்ந்த பூனைக்குப் பொருந்தாது. "சூரை மீன் சுவை" என்று பையில் போட்டிருந்தாலும் உள்ளே கோழியும் இருப்பது வழமை. பையின் பின்பக்கத்தை வாசித்துப் பாருங்கள். அத்தகைய பூனைக்கு ஆட்டிறைச்சி நல்ல தெரிவு. விலை கூடியதுதான், ஆனால் 3 கிலோப் பூனைக்கு நாளுக்கு ஏறத்தாழ 200 கலோரி போதும். தோல் நீக்கிய அவித்த கோழியில் 110 முதல் 120 கிராம் அதைத் தந்துவிடும். ஆட்டிறைச்சியிலும் பெரிய வித்தியாசம் வராது. வளரும் குட்டிக்கு இதைவிடக் கூட வேண்டும்.

சமைக்கும் விதம்: எலும்பும் தோலும் நீக்கி, உப்பு, மஞ்சள், மிளகாய், வெங்காயம், உள்ளி ஒன்றும் போடாமல் கொஞ்ச நீரில் அவியுங்கள். அவித்த நீரையும் சேர்த்தே கொடுங்கள். பூனைக்கு இன்றியமையாத டோரின் என்ற சத்து அவியும்போது நீரில் இறங்கிவிடுகிறது. கோழியில் நெஞ்சுப் பகுதியைவிடத் தொடைப் பகுதியில் டோரின் கூட. நாளுக்கு நான்கு தடவை சிறிது சிறிதாகக் கொடுங்கள். சோறு வேண்டுமென்றால் ஒரு தேக்கரண்டி குழைய அவித்துச் சேர்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். பழைய உணவிலிருந்து ஒரே நாளில் தாவாமல் ஒரு வாரத்தில் படிப்படியாக மாறுங்கள்.

உணவுதான் காரணம் என்றால் முழுதாக மாறிய இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். தோல் அரிப்புக்கான உணவுச் சோதனை இரண்டு மாதம் இழுக்கும், குடலுக்கு அவ்வளவு தேவையில்லை. தேறிய பிறகு பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்கும் கட்டத்தைத் தாண்டிப் போகாதீர்கள். மனம் ஒப்பாது, ஆனால் பழைய உணவோடு வயிற்றோட்டம் திரும்பி வந்தால்தான் காரணம் உறுதியாகும்.

இதன் மறைந்த விலை காலம் செல்லச் செல்ல ஏறும். இறைச்சி மட்டும் தின்னும் வளரும் பூனைக்குக் கல்சியம் போதாது. எலும்பு மெலிந்து, தாவும்போது முறியும் அளவுக்குப் போகலாம். டோரின் குறைந்தால் இதயத் தசை விரிந்து பலவீனமாகும், கண் பார்வையும் போகும். இரண்டு மூன்று வாரச் சோதனைக்கு இந்தக் கவலை இல்லை. மாதக்கணக்கில் தொடர்வதென்றால் வைத்தியரோடு இருந்து சேர்க்கைகளின் அளவைக் கணக்கிட்டாக வேண்டும். முட்டைக்கோது தூள் கல்சியத்தைத் தரும், டோரினைத் தராது.

மீனை மட்டும் அவித்துக் கொடுக்கலாமே என்று வாவிக் கரையில் கேட்பார்கள். சில மீன்களைப் பச்சையாகக் கொடுத்தால் அவற்றில் உள்ள நொதி விற்றமின் பி1ஐ அழித்துவிடும். கொழுப்பு மீனே முழு உணவாக நீண்டகாலம் போனால் விற்றமின் ஈ குறைந்து, உடற்கொழுப்பு அழன்று நோவெடுக்கும். மீனே பழக்கமான பூனைக்கு மீனால் சோதனை செய்வதில் பொருளும் இல்லை.

நம் காலநிலையையும் கணக்கில் எடுங்கள். சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் அவித்த இறைச்சி வெளியே இரண்டு மணித்தியாலம்கூடத் தாங்காது. ஒரு வேளைக்குரியதை மட்டும் எடுத்து, மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். பிரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம், அதற்கு மேல் உறைய வைக்க வேண்டும்.

இந்த வழி யாருக்கு நல்லது? வீட்டில் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும், பூனையை இரண்டு மூன்று வாரம் உள்ளே வைத்திருக்க முடிய வேண்டும், ஊட்டும் கைகள் எல்லாம் ஒரு பேச்சுக்குக் கட்டுப்பட வேண்டும். மீன் சந்தைக்குப் பக்கத்தில் சுதந்திரமாகத் திரியும் கடுவன் பூனைக்கு இந்தச் சோதனை செய்வது வீண்.

## வழி 3: கடை உணவும் வைத்திய உணவும்

இங்கே இரண்டு தரம் உண்டு. ஒன்று, வளரும் பூனைக்கென்று தயாரித்த சாதாரண முழு உணவு. சோறும் மிச்சமீதியும் தின்று வந்த பூனைக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம். மற்றது, வைத்தியர் பரிந்துரைக்கும் குடல் நோய் உணவு: எளிதில் செரிப்பது, நார் கூடியது, புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக உடைத்து ஒவ்வாமை எழாமல் செய்தது என்று வகைகள் உண்டு. கடைசியாகச் சொன்னது, பூனை முன்பு என்ன தின்றது என்றே தெரியாத வீட்டுக்கு மிகவும் உதவும். தெருவில் கிடந்து எடுத்த பூனைக்கு எது புதிய இறைச்சி என்று யார் சொல்வது?

இதன் பெரிய பலம், மாதக்கணக்கில் கொடுத்தாலும் சத்துக் குறைபாடு வராது என்பது. வேலைக்குப் போகும் தம்பதிக்கும், வளர்ச்சி முடியாத குட்டிக்கும், வீட்டுச் சமையல் சோதனை பலித்த பின் நிரந்தர உணவு தேடுபவருக்கும் இது மேல்.

செலவு விலைச்சீட்டில் முடிவதில்லை. வைத்திய உணவு பெரும்பாலும் கொழும்பிலிருந்து வர வேண்டும். ஒரு பை முடியும்போது அடுத்தது கிடைக்காமல் போனால் சோதனை நடுவழியில் அறுந்துவிடும். தொடங்கும் முன்பே ஒரு மாதத்துக்குரியதை உறுதிசெய்யுங்கள். பூனை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகவும் கூடும், ஆகவே முதலில் ஆகச் சிறிய பையை வாங்குங்கள். பசித்தால் தின்னும் என்று பட்டினி போடக் கூடாது. பூனை ஓரிரண்டு நாளுக்கு மேல் தின்னாமல் இருந்தால் ஈரலில் கொழுப்பு தேங்கும், பருத்த பூனையில் இது உயிராபத்து.

பெரிய சாக்கைத் திறந்து கிலோக் கணக்கில் நிறுத்து விற்கும் உருண்டைகளை வயிறு கெட்ட பூனைக்கு வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உள்ளடக்கமும் காலாவதித் திகதியும் தெரியாது. மாரி மாதங்களின் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், வெப்பத்தில் கொழுப்பு கெட்டு நாறும். மூடிய சிறு பையும் காற்றுப் புகாத டப்பாவும் கொஞ்சம் கூடச் செலவானாலும் அதற்கு நியாயம் உண்டு.

## வழி 4: பாமசி மருந்து

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பரசிற்றமோல் பூனைக்கு நஞ்சு, அரை மாத்திரையும் கொல்லும். மனிதரின் வயிற்றோட்டத்தை நிறுத்தும் மாத்திரைகளையும் வைத்தியர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. பலர் நாடும் மெட்ரோனிடசோல் என்ற கிருமிகொல்லி மருந்தைக் கொடுக்கும்போது மலம் இறுகும், நிறுத்திய சில நாளில் பழையபடி போகும். இடையில் குடலின் நல்ல நுண்ணுயிர்களும் குலைந்திருக்கும். கசப்பால் பூனை நுரை தள்ளும், அளவு மிஞ்சினால் தள்ளாட்டமும் வலிப்பும் வரலாம். வைத்தியர் காரணம் கண்டு எழுதினால் அது வேறு. ஸ்டீரோயிட்டும் அப்படித்தான்: நாட்பட்ட அழற்சிக்கு நல்ல மருந்து, ஆனால் ஒட்டுண்ணியை விலக்காமல் தொடங்கினால் நோயை மறைத்துவிடும்.

பூனைகளுக்கென்று விற்கும் நல்ல நுண்ணுயிர்த் தூள்கள் தீங்கில்லாதவை, சிலவற்றுக்கு உதவுகின்றன. உணவுச் சோதனை முடிந்த பிறகு சேருங்கள், அதோடு சேர்த்துத் தொடங்க வேண்டாம். பெருங்குடல் வயிற்றோட்டத்துக்கு அவித்து மசித்த பூசணி ஒரு தேக்கரண்டி கொடுத்துப் பார்க்கலாம்.

## வழி 5: பேராதனை வரை போவது

பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலையோ, வசதியுள்ள ஒரு தனியார் நிலையமோ தரக்கூடியவை வேறு தரத்தவை: இரத்தப் புரதம், ஈரல், சிறுநீரகப் பரிசோதனைகள், பூனை லியூகீமியா, எயிட்ஸ் வைரசுச் சோதனைகள், வயிற்று ஸ்கேன், தேவையானால் குடலிலிருந்து சதைத்துண்டு. நாட்பட்ட குடல் நோயில் விற்றமின் பி12 உறிஞ்சப்படாமல் போகும். அது குறைந்திருக்கும்வரை உணவை மாற்றினாலும் பூனை முழுதாகத் தேறாது. வாராந்த ஊசிகளால் அதை மீட்கலாம்.

செலவில் பாதி வழியிலேயே போகும். செங்கலடி, மகாஓயா, மகியங்கனை வழியாக ஏறினால் மலைப்பாதையின் 18 வளைவில் பூனை சத்தியெடுக்கும். விடிய முன் புறப்பட்டு வெயிலைத் தவிர்ப்பது, கூட்டை மெல்லிய துணியால் மூடுவது, பயணத்துக்குச் சில மணித்தியாலம் முன் உணவை நிறுத்தித் தண்ணீரை நிறுத்தாமல் விடுவது உதவும். முதலே தொலைபேசியில் நாளையும் நேரத்தையும் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

முதல் மூன்று வழிகளையும் கொப்பியோடு கடந்து வந்தவருக்கு இந்தப் பயணம் பயன் தரும். பூச்சி மருந்தே கொடுக்காமல் போனால், அங்கும் முதலில் அதையே கொடுத்து அனுப்பக் கூடும். நிறையில் பத்தில் ஒன்று குறைந்த பூனை, வயிற்றில் நீர் தேங்கிய பூனை, விட்டு விட்டுக் காய்ச்சல் வரும் பூனை ஆகியவற்றை மட்டும் ஒழுங்கைப் பாராமல் உடனே கொண்டுபோங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | காரணத்தைத் தொடுமா | தோற்றால் தெரிவது | மறைந்த செலவு | யாருக்கு மேல் |
|---|---|---|---|---|
| பூச்சி மருந்து, மலப் பரிசோதனை | இந்த வயதில் பெரும்பாலும் ஆம் | ஒட்டுண்ணி காரணமாகும் வாய்ப்புக் குறைவு | சுத்தப்படுத்தல், திரும்பத் திரும்ப மாதிரி | எல்லோருக்கும், முதலில் |
| வீட்டில் அவித்த ஒற்றை இறைச்சி | உணவு காரணம் என்றால் ஆம் | அந்த உணவு காரணமில்லை | நேரம், நீண்டால் சத்துக் குறைவு | வீட்டோடு இருக்கும் பூனை, ஒற்றுமையான வீடு |
| வைத்திய உணவு | உணவு காரணம் என்றால் ஆம் | உணவு ஒவ்வாமை வாய்ப்புக் குறைவு | கிடைக்காமல் போவது, பூனை மறுப்பது | வரலாறு தெரியாத பூனை, வேலைக்குப் போகும் வீடு |
| பாமசி மருந்து | அரிதாக | ஒன்றுமில்லை | நஞ்சு, குலைந்த குடல் | வைத்தியர் எழுதினால் மட்டும் |
| பேராதனை | ஆழமான காரணங்களைக் காட்டும் | பெரிய நோய்கள் விலகும் | பயணம், லீவு, பூனையின் அச்சம் | மெலியும் பூனை, முதல் மூன்றும் பலிக்காத பூனை |

## சில வீடுகள், சில தெரிவுகள்

காத்தான்குடியில் மாடி வீட்டுக்குள்ளேயே வளரும், கடை உருண்டை மட்டும் தின்னும் எட்டு மாதப் பூனை: பூச்சி மருந்து, மூன்று மாதிரி, பிறகு ஆட்டிறைச்சிச் சோதனை. பலித்தால், கோழியும் மீனும் இல்லாத நிரந்தர உணவைத் தேடலாம்.

திருக்கோவிலில் கடற்கரையில் திரிந்து வலையில் சிந்தியதைத் தின்னும் பூனை: உணவுச் சோதனைக்கு இது ஏற்றதல்ல. பூச்சி மருந்தை ஒழுங்கான இடைவெளியில் கொடுத்து, தெள்ளையும் பார்த்து, வீட்டில் முழு உணவு வைத்தால் வெளியே தின்னும் அளவு தானாகக் குறையும். மலம் முழுதாக இறுகாவிட்டாலும் நிறை கூடிக்கொண்டு போகிறதா என்பதைக் கவனியுங்கள். கூடுகிறது என்றால் அவசரம் இல்லை.

மாரி வெள்ளம் வடிந்த கையோடு தொடங்கிய வயிற்றோட்டம்: கிணற்று நீரை நினையுங்கள். குடிக்கும் நீரைக் கொதிக்க வைத்து ஆற்றி வையுங்கள், ஜியார்டியாச் சோதனையை முதலில் கேளுங்கள். வீட்டிலுள்ளவர்களுக்கும் வயிறு சரியில்லை என்றால் அதையும் உங்கள் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ஒரே வீட்டில் இரண்டு மூன்று பூனைகள் இருந்தால், ஒன்றுக்குத்தான் வயிற்றோட்டம் என்றாலும் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் பூச்சி மருந்து கொடுங்கள். ஜியார்டியா உறுதியானால் மற்றவற்றையும் சோதிக்க வேண்டுமா, சேர்த்தே மருந்து கொடுக்க வேண்டுமா என்று வைத்தியர் முடிவெடுப்பார். பூனைக்கு ஒன்று, மேலதிகமாக இன்னொன்று என்று மணல் தட்டு வையுங்கள். உணவுச் சோதனைக் காலத்தில் நோயாளிக்குத் தனி அறையும் தனிக் கோப்பையும் வேண்டும். அது முடியாத வீட்டில் எல்லாப் பூனைகளுக்கும் அதே உணவைக் கொடுப்பதுதான் நடைமுறையில் சாத்தியம். செலவு கூடும், ஆனால் சோதனை உடையாது.